அமல்பொரிப் பாத்தி

இலஞ்சியில் கால்வாயை ஒட்டிய தென்னந்தோப்பில், கிணற்றுக்கு வடபுறம், உச்சி வெயில்கூடச் சலித்துத்தான் இறங்கும் ஒரு மூலையில் அந்தப் பாத்தி இருந்தது. முழங்காலுக்குச் சற்று மேலே வளர்ந்த செடிகள். கணுவுக்கு மூன்று இலை, தண்டைச் சுற்றி. மேல்புறம் எண்ணெய் தடவியது போன்ற கரும்பச்சை, அடிப்புறம் வெளிறல். பங்குனியில் பூ வரும். பூ வெள்ளைதான்; ஆனால் காம்பு இரத்தச் சிவப்பாக இருப்பதால் தூரத்திலிருந்து பார்ப்பவர் கொத்தையே சிவப்பு என்பார். சாரல் காலத்தில் காய்கள் பச்சையிலிருந்து சிவந்து, பிறகு நாவற்பழக் கறுப்புக்கு வந்து மினுங்கும். கோடையிலும் பனியிலும் இலை இருக்கும். எல்லாவற்றையும் ஒருமுறை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கிற சுதந்திரம் அந்தச் செடிக்கு இல்லை.

மலையில் பெரிய மரங்களின் காலடியில், ஈரமண்ணில், யார் கண்ணிலும் படாமல் வளர்வது அது. மலையாளம் பேசுகிறவர்கள் அமல்பொரி என்பார்கள். செங்கோட்டைப் பக்கத்திலும் அதுதான் பேர். வேர் நெளிந்து நெளிந்து பாம்பு போல மண்ணுக்குள் இறங்குவதால் ஏட்டில் சர்ப்பகந்தி. மருந்து வேரில் இருக்கிறது. வேரிலும் தோலில்தான் வீரியம். தோல் உரிந்துபோனால் மிச்சம் வெறும் சுள்ளி. தூக்கம் கெட்டவர்களுக்கும் புத்தி கலங்கினவர்களுக்கும் அதைக் கொடுத்து அடக்குவார்கள்.

இந்தப் பாத்திக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறவன் ஆவுடைநாயகம். அவன் ஊற்றுகிற தண்ணீரில் வளர்கிற வேரைத்தான் அவனுடைய மதினி, அண்ணன் மனைவி இராமலட்சுமி இடித்து, பாலில் காய்ச்சி, தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அவனுக்குக் கொடுத்தாள். அந்த வீட்டில் யாருக்கும் இது வினோதமாகத் தோன்றவில்லை. அவனுக்கும் நெடுநாள் தோன்றவில்லை. எதுவும் தோன்றாமல் இருப்பதற்குத்தானே அந்த மருந்து.

அவனுக்குப் புத்தி கலங்கியது ஐம்பத்திரண்டாம் வருஷம். பாளையங்கோட்டையில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தான், கடைசி வருஷம். விடுமுறைக்கு வந்தவன் தூங்குவதை மறந்துபோனான். கண்ணில் படுகிற இலையை எல்லாம் பெயர் சொல்லி அழைத்தான். பந்தியில் போட்ட வாழை இலையைக்கூட விடவில்லை. லத்தீனில் கூப்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தான். வீட்டில் முதலில் சிரித்தார்கள். படிப்பு நன்றாக ஏறியிருக்கிறது என்று அண்ணன் வல்லிநாயகம் பெருமைகூடப் பட்டார். பிறகு ஒரு நாள் அண்ணனின் மகள், நான்கு வயசுக் குழல்வாய்மொழியைத் தோளில் தூக்கிக்கொண்டு, மழையோடு மழையாகச் செண்பகாதேவி அருவிக்கும் மேலே ஏறிவிட்டான். பாப்பாவுக்குப் பூ காட்ட வேண்டும் என்பது அவன் பக்கத்து நியாயம்.

தேடிப் போனவர்கள் மறுநாள் காலையில்தான் கண்டார்கள். வழுக்குப் பாறையின் விளிம்பில் உட்கார்ந்து அவன் பேசிக்கொண்டே இருந்தான். பிள்ளை அவன் மடியில், நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி, சிரித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த விளிம்புக்குக் கீழே என்ன இருந்தது என்பதை வல்லிநாயகம் எட்டிப் பார்த்தார். அவர் பார்த்தது அதோடு போகவில்லை. அன்றைக்குப் பிறகு அவர் அருவிக் கரை வரைக்கும் வருவார். தண்ணீருக்குள் காலை வைக்க மாட்டார்.

செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர்ச் சீமை. அங்கிருந்து ஒரு வைத்தியரைக் கூட்டி வந்தார்கள். அவர் பேச்சில் பாதி தமிழ், பாதி மலையாளம். அமல்பொரி வேரை அவரே இடித்துக் கொடுத்தார். குடித்தவன் விழுந்து தூங்கினான். தூங்கி எழுந்தபோது இலைகளுக்குப் பெயர் இல்லை. ஒரு பச்சை, பக்கத்தில் இன்னொரு பச்சை, அவ்வளவுதான்.

"கொள்ளாம், நல்லாயிருக்கு" என்றார் வைத்தியர். "மருந்து நடக்கட்டும். வருஷா வருஷம் சாரல்ல அருவி தலையில விழணும். அடியில எப்படி நிக்கான்னு பாருங்கோ. கூச்சல் போட்டா சூடு உள்ளே உண்டு. அடங்கி நின்னா அடங்கிட்டு. நிறுத்த வேண்டிய சமயம் நானே வந்து சொல்லுதேன்."

அந்தச் சமயம் வருவதற்குள் வைத்தியர் காலமாகிவிட்டார்.

வல்லிநாயகம் சும்மா இருக்கவில்லை. தென்காசியில் பேர்பெற்ற இன்னொரு வைத்தியரிடம் போய்க் கேட்டார். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஒருத்தர் கட்டுன மருந்த இன்னொருத்தர் அவுக்கிற வழக்கம் எங்ககிட்ட கெடையாது அண்ணாச்சி. செத்தவரு கைராசிக்காரரு. நான் நடுவுல கைய வைக்கமாட்டேன்." இங்கிலீஷ் டாக்டரிடமும் போனார். "நான் ஆரம்பிக்காதத நான் எப்படிய்யா நிறுத்த? நாளைக்கு அவன் எங்கயாச்சும் ஏறிக் குதிச்சான்னா ஊரு என்னையலா கேக்கும்" என்றார் டாக்டர். மருந்து தொடர்ந்தது. நிறுத்துவதற்கு ஆள் இல்லாததால் தொடர்ந்தது. வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் அவன் சண்டை போட்டிருக்கலாம்.

அந்த மருந்துக்குள் இருப்பது எப்படி என்று யாரும் அவனைக் கேட்டதில்லை. மூக்கு எப்போதும் அடைத்திருக்கும். சாரல் வந்ததும் மண் வாசனை வருகிறது என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தால் கண் இருட்டும். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, உலகம் திரும்பி வருகிற வரைக்கும் நிற்க வேண்டும். துக்கம் இல்லை. துக்கப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். வருஷா வருஷம் ஐந்தருவிக்குக் கூட்டிப் போவார்கள். சுற்றிலும் நிற்கிற ஜனம் குளிரில் 'ஓ'வென்று கத்தும், பாடும், ஒருவர் மேல் ஒருவர் விழும். நடுவில் அவன் மட்டும் நட்டுவைத்த கல். கரையில் துண்டோடு நிற்கிற அண்ணன் முகத்தில் ஒரு நிம்மதி பரவும். "அடங்கி நிக்கான்" என்பார் மதினியிடம். "மருந்து பிடிச்சிட்டு."

ஐம்பத்தேழு வாக்கில் அமல்பொரிக்குச் சிறகு முளைத்தது. அந்த வேரிலிருந்து இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை செய்கிறார்கள், சீமையில் கேட்கிறார்கள் என்று பேச்சு வந்தது. எங்கிருந்தோ வந்த வியாபாரிகளுக்காக மலையைச் சல்லடை போட்டுத் தோண்டினார்கள். பிறகு அனுமதிச் சீட்டு இல்லாமல் வேர் இறங்கக் கூடாது என்று காட்டிலாகாவினர் கெடுபிடி செய்தார்கள். இலஞ்சி வீட்டுக்கு வேர் வருவது நின்றது.

அந்தச் சில வாரங்கள் ஆவுடைநாயகத்தின் வாழ்க்கையிலேயே நடந்த ஒரே திருவிழா. முதலில் மூக்கு திறந்தது. ஒரு காலையில் கிணற்றடியில் நின்றவனுக்கு ஈர வைக்கோலின் வாசனை வந்து மோதியது. அவன் அப்படியே திகைத்து நின்றுவிட்டான். அந்த வருஷச் சாரலில் அருவிக்குக் கீழே போனபோது தண்ணீர் தலையில் விழுந்தது, அது குளிர்ந்தது, குளிர்ந்ததும் அவன் வாயைத் திறந்து கத்தினான். பக்கத்தில் நின்ற கீழப்பாவூர்க்காரர்களும் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

வல்லிநாயகம் கரையிலிருந்தே அலறினார். இரண்டு ஆட்கள் இறங்கி அவனை இழுத்து வந்தார்கள்.

"என்னவே, குளிக்கிற மனுசனப் போயி இழுக்கீரு?" என்றார் ஒரு கீழப்பாவூர்க்காரர்.

"புத்தி சரியில்லாதவன் ஐயா. கத்துதான் பாத்தீரா?"

"நானுந்தான் கத்துதேன். என்னையும் இழுத்துட்டுப் போரும், வீட்டுல சோறு கிடைக்கும்லா!"

கூட்டம் சிரித்தது. வல்லிநாயகம் சிரிக்கவில்லை. தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தவர் வீடு வந்து சேரும் வரை விடவில்லை. அந்தப் பிடிக்குள் ஆவுடைநாயகம் திமிறாமல் நடந்தான். யார் காலையோ பிடித்து அண்ணன் வேர் வரவழைத்தார். அதோடு, இனி யாரையும் நம்பக் கூடாது என்று, மலையிலிருந்து செடியையே முறைப்படி கேட்டு வாங்கி வந்து தோப்பில் வைத்தார். வைத்தார் என்பது பேச்சுக்கு. வைத்தவன் தம்பிதான். விதை போட்டால் முளைப்பது அபூர்வம் என்று அவனுக்குத் தெரியும். வேரைத் துண்டு துண்டாக நறுக்கி, படுக்க வைத்து மண் மூடினான். பாத்தி பிடித்துக்கொண்டது.

ஒரு குடம் வெந்நீரில் எல்லாவற்றையும் முடித்திருக்கலாம். அந்த நினைப்பு அவனுக்கு வராமல் இல்லை. ஆனால் வாடின செடியைப் பார்த்தால் தண்ணீர் ஊற்றாமல் இருக்க முடியாது அவனால். அதைவிட இன்னொன்று: அந்தப் பாறை விளிம்பு அவனுக்கும் ஞாபகம் இருந்தது. அன்றைக்குத் தான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்பதும் ஞாபகம் இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கும் மூக்கு திறந்த சந்தோஷத்துக்கும் எங்கே வரப்பு என்று அவனுக்கே தெரியவில்லை.

அறுபத்தொன்றாம் வருஷம் வைகாசியில் பால்வண்ணநாதன் வந்தான். கல்லூரியில் ஒரே பெஞ்சு. இப்போது மலைத் தாவரங்களைக் கணக்கெடுக்கிற ஒரு குழுவுக்கு அவன் பொறுப்பு. ஜீப்பைத் தோப்பு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தவன், கிணற்றடியில் வாளியோடு நின்றவனை ஒரு கணம் அடையாளம் தெரியாமல் பார்த்தான்.

"ஏல ஆவுடை! நீதானா? என்னடே மூக்கால பேசுத, சளியா?"

"மருந்து."

"சளிக்கு மருந்தா?"

"புத்திக்கு."

பால்வண்ணநாதன் கண்ணை எங்கே வைப்பது என்று தேடி, பாத்தியில் வைத்தான். வைத்ததும் குந்திவிட்டான். "ஏ, இது ராவுல்ஃபியாலா, நம்ம அமல்பொரி! மலைய விட்டுத் தரையில இம்புட்டு நல்லா வந்திருக்கே! யாருடே வச்சது?"

"நான்தான்."

"வெயிலு பட்டா?"

"வெயிலு ஆகாது. இலை சுருண்டுக்கிடும்." ஆவுடைநாயகம் மெதுவாகத்தான் பேசினான். ஆனால் பேச்சு நிற்கவில்லை. மூன்று இலைக் கணுவில் சில சமயம் நான்கு வருவதை, தண்டை ஒடித்தால் வெளிறின பால் கசிவதை, காய் கறுத்த பிறகுதான் குருவி தொடுவதை ஒவ்வொன்றாகச் சொன்னான். சொல்லி முடித்தபோது வியர்த்திருந்தது.

"எங்கூட வாடே" என்றான் பால்வண்ணநாதன். "சாரல் முடிஞ்சதும் மேல போறோம். தை வரைக்கும் காட்டுலதான். கூட ஒரு ஆளு போட்டுக்கிட எனக்கு உரிமை உண்டு. நீ வா."

ஒன்பது வருஷத்தில் யாரும் அவனை வா என்று சொன்னதில்லை; கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள், அவ்வளவுதான். போக வேண்டும் என்று அவனுக்குள் ஒன்று எழுந்து நின்றது. கண் இருட்டாமல் எழுந்து நின்றது.

மறுநாள் இரண்டு பேரும் பண்பொழிக்குப் போய்த் திருமலைக்கோயில் படியில் ஏறிப் பார்த்தார்கள். பாதி வழியில் ஆவுடைநாயகம் உட்கார்ந்துவிட்டான். எழுந்தபோது தள்ளாடினான். பால்வண்ணநாதன் பிடித்துக்கொண்டான்.

"இந்த மருந்தோட நீ மலை ஏற முடியாதுடே. பாறையில நிக்கும்போது இப்படி இருட்டிச்சுன்னா?"

"மருந்து இல்லாம அண்ணாச்சி விடமாட்டாவ."

"கேப்போம். கேட்டா என்ன, தலையையா வாங்கிருவாவ?"

வல்லிநாயகம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். மோர் கொண்டுவரச் சொன்னார். பிறகு சொன்னார்: "தம்பி, நீங்க படிச்சவுக. அவன் மலைக்குப் போன கத உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி. அது நடந்து ஒம்பது வருசம் ஆயிட்டே."

"உங்களுக்கு ஆயிருக்கும். எனக்கு ஆவல."

பால்வண்ணநாதன் மோரைக் குடித்தான்.

"சாரல் வரட்டும்" என்றார் வல்லிநாயகம் கடைசியில். "அருவியில நிக்கட்டும். அடங்கி நின்னான்னா அனுப்புதேன். நான் ஒண்ணும் அவனுக்கு எதிரி இல்ல."

ஆவுடைநாயகம் தூணோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மருந்து குடித்தால் அருவியில் கல்லாக நிற்கலாம், மலை ஏற முடியாது. குடிக்காவிட்டால் மலை ஏறலாம், அருவியில் தோற்றுப்போவான். அண்ணன் கதவைத் திறந்துதான் வைத்திருந்தார். கதவுக்கு அந்தப்புறம் சுவர்.

அன்று விளக்கு வைத்ததும் இராமலட்சுமி டம்ளரோடு வந்தாள். வழக்கமாக அவன் குடித்து, டம்ளரைத் திருப்பித் தருகிற வரைக்கும் நிற்பாள். அடியில் வண்டல் இருந்தால் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி அலசி அதையும் குடிக்கச் சொல்வாள்.

"மதினி, இன்னைக்கு வேண்டாமே."

"அப்படிச் சொல்லாதிய தம்பி. உங்க அண்ணாச்சி காதுல விழுந்தா…"

"நீங்க என்ன நினைக்கிய?"

"நான் என்னத்த நினைக்க." முந்தானையால் டம்ளரின் வாயைத் துடைத்தாள், துடைக்க ஒன்றும் இல்லை. "அன்னைக்குப் பிள்ளையக் காணாம ராத்திரி முழுக்க நடையில இருந்தேன் பாத்துக்கிடுங்க, அன்னையோட நினைக்கிறத விட்டுட்டேன். குடிச்சிருங்க."

குடித்தான்.

அதற்குப் பிறகும் சில நாள் அவன் குடித்தான். ஒரு சாயங்காலம் டம்ளரைத் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "அடுப்புல பால் பொங்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுக்களையில் அடுப்பு அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. சாம்பல் அள்ளுகிற சத்தம்தான் கேட்டது. ஆவுடைநாயகம் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மாட்டுக்கொட்டில் ஓடையில் ஊற்றினான். காலி டம்ளரை அவள் வந்து எடுத்துக்கொண்டு போனாள். மறுநாளும் பால் பொங்கியது. அதற்கு மறுநாளும்.



மருந்து உடம்பை விட்டு மெல்லத்தான் இறங்கியது. முதலில் மூக்கு. பிறகு கண். தென்னை ஓலையின் ஒவ்வொரு கீற்றும் தனித்தனியாக ஆடுவது தெரிந்தது. விழித்திருக்கிறவன் போல நடக்கக் கூடாது என்பதற்காக, முன்பு தானாக வந்த தள்ளாட்டத்தை இப்போது வரவழைத்துக்கொண்டான். அண்ணன் வருகிற செருப்புச் சத்தம் கேட்டால் நிலைக்கதவைப் பிடித்தான். மூக்கால் பேசினான். எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது வாயை மூடிக்கொண்டிருப்பது. இலைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வந்து நாக்கின் நுனியில் உட்கார்ந்தன. இது குணமா, பழைய நோயா? உரக்கச் சொல்லாத வரைக்கும் குணம் என்று தனக்குத் தானே ஒரு கோடு போட்டுக்கொண்டான். தூங்குகிறோமா என்று பயந்து பயந்து படுத்தான். அந்தப் பயமே தூக்கத்தைத் தின்றது. விடியும்போது எப்படியோ கொஞ்சம் தூங்கியிருந்தான்.

குழல்வாய்மொழிக்கு இப்போது பதின்மூன்று வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பாத்தியருகே நின்று அவனை உற்றுப் பார்த்தாள்.

"சித்தப்பா, நீங்க சிரிச்சா பல்லு வரிசையா இருக்கு! நான் பாத்ததே இல்ல."

அவன் சட்டென்று வாயை மூடினான். "அப்பாகிட்டச் சொல்லாதட்டி."

"எதை?"

"சிரிச்சத."

அவளுக்கு அதில் என்ன ரகசியம் என்று புரியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

ஆடி பிறந்து சாரல் வலுத்தபோது ஐந்தருவிக்குப் போனார்கள். வண்டிகளும் வடைக் கடைகளும் எண்ணெய் தேய்க்கிறவர்களும் நெரிகிற நேரம். பால்வண்ணநாதனும் வந்திருந்தான். வல்லிநாயகம் வழக்கமான இடத்தில் துண்டோடு நின்றார். இராமலட்சுமி மகளோடு பெண்கள் குளிக்கிற பக்கம் போனாள். போகும்போது அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆவுடைநாயகம் கூட்டத்துக்குள் நுழைந்து நின்றான். தண்ணீர் மண்டையில் இறங்கியது. முந்தின வருஷங்களில் அது யாருடைய தலையிலோ விழுந்தது. இப்போது அவன் தலையில் விழுந்தது. கழுத்தும் தோளும் முதுகும் ஒரே சமயத்தில் பற்றி எரிவது போலக் குளிர்ந்தன. தொண்டையில் அந்தக் கத்தல் உருண்டு வந்தது. இடதுபுறம் ஒருவன் "யம்மா!" என்று அலறினான், வலதுபுறம் யாரோ தேவாரம் பாடினார்கள். ஊரே வாயைத் திறந்திருந்த இடத்தில் அவன் பல்லைக் கடித்தான். கை தானாக உயரப் பார்த்தது, தொடையோடு ஒட்டிவைத்தான். கண் ஓரத்தில் தண்ணீரின் ஊடாக அண்ணனின் வேட்டி வெள்ளையாகக் கலங்கித் தெரிந்தது. இவ்வளவு உயிரோடு இருந்துகொண்டு இவ்வளவு செத்துப்போய் நிற்க முடியும் என்று அவன் நினைத்ததில்லை. அழுதான். அங்கே அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது.

வெளியே வந்ததும் வல்லிநாயகமே அவன் தலையைத் துவட்டினார். பிள்ளைக்குத் துவட்டுவது போல, காதுக்குப் பின்னால் எல்லாம்.

"கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்னான் பாத்தீங்களா தம்பி?" என்றார் பால்வண்ணநாதனிடம். "கூட்டிட்டுப் போங்க. மருந்து எம்புட்டு வேலை செய்யுதுன்னு கண்ணால பாத்துட்டேன். இனி இத உயிருள்ளவரைக்கும் நிறுத்தக் கூடாது. கூடவே குடுத்து விடுதேன். தினமும் சாயங்காலம் நீங்க பக்கத்துல நின்னு குடிக்க வைக்கணும். எனக்கு வாக்குக் குடுங்க."

பால்வண்ணநாதன் ஆவுடைநாயகத்தைப் பார்த்தான். ஆவுடைநாயகம் துண்டுக்குள் இருந்தான்.

"குடுத்தேன் அண்ணாச்சி."

ஜெயித்த இடத்திலேயே பூட்டு விழுந்தது. தான் அடங்கி நின்ற ஒவ்வொரு நொடியும் மருந்தின் கணக்கில் சேர்ந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் மதினியைக் காட்டிக்கொடுக்க வேண்டும். சொன்னாலும் ஏமாற்றியதே பைத்தியத்தின் அடையாளம் என்று ஆகும்.

"நானே இடிச்சுக்கிடுதேன் அண்ணாச்சி" என்றான். அவனால் கேட்க முடிந்தது அவ்வளவுதான்.

"இடி. என் கண்ணு முன்னால இடி."

ஆவணியில் பாத்தியைத் தோண்டினார்கள். வேர் எடுக்க அது காலம் இல்லை. கார்த்திகைக்கு மேல் பனியில் எடுத்தால்தான் வீரியம். அண்ணனுக்கு அவசரம். ஆவுடைநாயகம் ஒவ்வொரு செடியாக மண்ணைத் தளர்த்தி, தோல் கீறாமல் வேரைப் பிரித்து, கழுவி, நிழலில் உலர்த்தினான். நன்றாகத்தான் செய்தான், அவனுக்குக் கெடுத்துச் செய்யத் தெரியாது. இலைகளெல்லாம் பச்சையாகவே ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. பிறகு அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, உரலில் இடித்தான். கசப்புத் தூள் காற்றில் ஏறி இரண்டு பேரையும் தும்ம வைத்தது. பையில் கட்டி, வாயைத் தைத்து, வல்லிநாயகம் தன் கையால் பால்வண்ணநாதனிடம் கொடுத்தார்.

புறப்படுகிற அன்று இராமலட்சுமி திருநீறு பூசிவிட்டாள். "நேரத்துக்குச் சாப்பிடுங்க தம்பி" என்றாள்.

ஜீப் செங்கோட்டை தாண்டி மலைப்பாதையைத் தொடுகிற இடத்தில் காட்டிலாகாச் சாவடி. மேலிருந்து இறங்குகிற வண்டிகளைத்தான் வழக்கமாகச் சோதிப்பார்கள். அன்று காவலர் சுடலைக்கண்ணு ஏறுகிற வண்டியையும் நிறுத்தினார். காகிதக் கட்டுகள், செடி அழுத்துகிற பலகைகள், அரிசி மூட்டை எல்லாம் பார்த்துவிட்டு, தைத்த பையை முகர்ந்தார். தையலைப் பிரித்து ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்து, தூவென்று துப்பினார்.

"அமல்பொரிலா இது! மூட்டையாக் கொண்டு போறிய. சீட்டு எங்க?"

"வீட்டுத் தோப்புல வளத்தது" என்றான் பால்வண்ணநாதன்.

"பிடிபட்டவன் எல்லாம் இதத்தான் சொல்லுதான். ஆப்பீசருன்னா சட்டம் வேறயா?" பிறகு அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். "நோயாளிக்கு மருந்துன்னா கொண்டு போலாம். பேரு எழுதிக்கிட்டு விட்டுருவேன். யாருக்கு?"

பால்வண்ணநாதன் வாயைத் திறந்தான். வாக்குக் கொடுத்தவன். ஆனால் அந்த வார்த்தையை நண்பனின் முகத்துக்கு முன்னால் சொல்ல அவனுக்கு வரவில்லை.

"கேக்கேன்லா? நோயாளி யாரு?"

எனக்குத்தான் என்று ஒரு சொல் போதும். அண்ணனின் மனசு நோகாது, நண்பனின் வாக்கு நிற்கும், அந்தப் பை மடிக்குத் திரும்பி வரும். பாறை விளிம்பும் அந்தப் பையும் ஒன்றையொன்று எடைபோட்டு நின்றன.

"நோயாளி யாரும் இல்ல" என்றான் ஆவுடைநாயகம். "எடுத்துக்கிடுங்க."

சுடலைக்கண்ணு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பம் எதுக்குவே கொண்டாந்தீரு?"

"வீட்டுல குடுத்து விட்டாவ."

"வீட்டுல எதைக் குடுத்தாலும் கட்டிக்கிட்டு வந்துருவீரோ? நல்ல ஆளுய்யா." பையைச் சாவடிக்குள் தூக்கிப் போட்டுவிட்டுத் வழி மறித்த தடியை உயர்த்தினார். "போங்க, போங்க. மேல மழை கட்டிக்கிட்டு நிக்கி."

ஜீப் முனகிக்கொண்டு ஏறியது. பால்வண்ணநாதன் இரண்டு வளைவு தாண்டின பிறகுதான் கேட்டான்.

"அண்ணாச்சிக்கு என்னடே எழுத?"

"நல்லா இருக்கான்னு எழுது."

"இருப்பியாலே?"

பாதையின் ஒருபுறம் மலை, மறுபுறம் பள்ளம். ஆவுடைநாயகம் முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"தெரியலடே" என்றான். "இனிமேதான் பாக்கணும்."